எடுத்த கட்டி எங்கே போகிறது? ஒரு கண்ணிமை சிகிச்சைப் பிரிவு பற்றிய மதிப்புரை

என் தாயாரின் வலது மேலிமையில் வந்த கட்டிக்காகக் கடந்த ஒன்றரை ஆண்டுகளாக நாங்கள் சென்றுவரும் கண் மருத்துவமனையின் இமைச் சிகிச்சைப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். பலகையில் ‘ஆக்குலோபிளாஸ்டி’ என்று எழுதியிருக்கும். ஊழியர்கள் ‘ஆர்பிட் கிளினிக்’ என்பார்கள். இமை, கண்ணீர்ப்பை, கண்குழி ஆகியவற்றின் நோய்களை மட்டும் பார்க்கும் தனிப் பிரிவு அது. இதற்கு முன் நாங்கள் போன இடத்தைக் குறை சொல்ல வேண்டியிருப்பதாலும், இந்த இடத்தின் மீதும் எனக்குச் சில மனத்தாங்கல்கள் இருப்பதாலும், இரண்டின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியில் சொல்லிவிடலாம். புதிய இடத்தில் மருத்துவர் என் தாயாரின் இமையைத் தொடுவதற்கு முன்பே, “இதுக்கு முன்னால ரெண்டு தடவை எடுத்தாங்கன்னு சொல்றீங்களே, அந்தப் பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?” என்று கேட்டார். எடுத்த சதையை ஆய்வகத்தில் சோதித்து அப்படி ஒரு ரிப்போர்ட் தர வேண்டும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

என் தாயாருக்கு வயது 66. நிலக்கோட்டையில் இருக்கிறார், சந்தையிலிருந்து வரும் மல்லிகை மொட்டுகளைச் சரமாகத் தொடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். மேலிமையின் நடுப்பகுதியில் மிளகளவு கட்டி ஒன்று தென்பட்டபோது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கண்கட்டி என்றார்கள்; உடற்சூடு என்றார்கள்; சித்தி நாமக்கட்டியை உரைத்துப் பூசிவிட்டார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினோம். அது வலிக்கவே இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொண்டோம். வலிக்காத கட்டியைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது பின்னால்தான் புரிந்தது. உண்மையான கண்கட்டி, அதாவது இமைமயிரின் வேரிலோ சுரப்பியிலோ கிருமி தொற்றி வரும் சீழ்க்கட்டி, சிவந்து வீங்கித் தொட்டாலே வலிக்கும். வெந்நீர் ஒத்தடத்தில் சில நாட்களிலேயே உடைந்தோ வடிந்தோ போகும். இதுவோ மூன்று மாதங்கள் ஆகியும் அங்கேயே இருந்தது.

பிறகு பக்கத்து நகரத்தில் இருந்த ஒரு சிறிய கண் மருத்துவமனைக்குப் போனோம். சலேசியான் என்றார்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு, வெளியேற முடியாத கொழுப்பைச் சுற்றி உருவாகும் வலியற்ற கட்டிக்கு அந்தப் பெயர். மரத்துப்போக ஊசி போட்டு, இமையை ஒரு கிடுக்கியால் புரட்டிப் பிடித்து, உட்புறமாகக் கீறி, உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். பத்து நிமிட வேலை. சுரண்டியது பஞ்சோடு சேர்ந்து குப்பைக்கூடைக்குப் போனது. நான்கு மாதத்தில் கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. மறுபடியும் அதே கிடுக்கி, அதே சுரண்டல், அதே குப்பைக்கூடை. மூன்றாம் முறை வந்தபோது, “சிலருக்கு இப்படித்தான் வந்துக்கிட்டே இருக்கும்” என்றார்கள். நியாயமாகச் சொன்னால், இருபது வயதுக்காரருக்கு முதல் தடவை வரும் சலேசியானைச் சுரண்டி எறிவதில் பெரிய தவறில்லை. பெரும்பாலானவை ஒத்தடத்திலேயே சில வாரங்களில் கரைந்துவிடும். கரையாதவற்றுக்கு ஸ்டீராய்டு ஊசியோ சிறு கீறலோ போதும். ஆனால் அறுபதைத் தாண்டியவருக்கு அதே புள்ளியில் மறுபடி மறுபடி வரும் கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறிந்ததை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காரணம் இமையின் அமைப்பிலேயே இருக்கிறது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான். அதன் அடியில் கண்ணை மூடும் தசை, அதற்கும் அடியில் இமைக்கு விறைப்பைத் தரும் தகடு. மேலிமையில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தத் தகட்டுக்குள் மெய்போமியன் சுரப்பிகள் சீப்பின் பற்களைப்போல் வரிசையாக நிற்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரை இருக்கும், கீழிமையில் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அவை கசியவிடும் எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. சலேசியான் பிறப்பதும் இந்தச் சுரப்பியில்தான்; செபேஷியஸ் கார்சினோமா என்னும் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் இமையில் பெரும்பாலும் தொடங்குவதும் இதே சுரப்பியில்தான். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மஞ்சள் சாயலில், ஒரே வலியின்மையோடு வரும்போது கண்ணால் பார்த்து மட்டும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். மேலைநாடுகளில் இமைப் புற்றுகளில் பெரும்பகுதி கீழிமையிலும் மூக்கோரத்திலும் வரும் பேசல் செல் வகை. அது மெல்ல வளரும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. இந்தியாவில் நிலைமை அப்படியில்லை. இங்கே எண்ணெய்ச் சுரப்பிப் புற்று அதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ காணப்படுகிறது. அது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது. ஆகவே மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தில் அரிதானது என்று எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு நம் ஊர் இமையைப் பார்க்கக் கூடாது.

இனி, மதிப்புரைக்குரிய இடத்துக்கு வருகிறேன். காலை ஏழரை மணிக்குப் பதிவு செய்தோம். முதலில் பார்வை அளவீடு, பிறகு கண் அழுத்தம், அதற்குப் பிறகு ஒரு பயிற்சி மருத்துவர், கடைசியாக இமைப் பிரிவின் மருத்துவர் என்று நான்கு நாற்காலிகளைக் கடந்தோம். பிரிவின் வாசலை எட்டும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. காத்திருப்புக் கூடத்தில் மின்விசிறிகள் உண்டு, தண்ணீர் உண்டு. ஆனால் எண்ணை அழைக்கும் ஒலிபெருக்கி இரைச்சலில் கரைந்துவிடுகிறது. என் தாயாரைப்போல் காது மந்தமானவர்கள் துணையில்லாமல் வந்தால் தங்கள் முறையைத் தவறவிடுவது உறுதி. திரையில் எண்ணைக் காட்டினால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

ஆனால் உள்ளே நடந்த பரிசோதனைக்காக அந்த நான்கு மணி நேரத்தை மன்னிக்கலாம். மருத்துவர் விளக்கை உடனே இமைமேல் பாய்ச்சவில்லை. முதலில் இரண்டு கண்களையும் ஒரு கை தூரத்திலிருந்து, மூடச் சொல்லியும் திறக்கச் சொல்லியும் பார்த்தார். பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, இமை விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றார். “இங்கே வந்து பாருங்க” என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கவாட்டுத் திரையைக் காட்டினார். இமை விளிம்பில் சுரப்பிகளின் வாய்கள் ஊசிக்குத்துப் போல ஒரே சீரான வரிசையில் தெரிந்தன. கட்டி இருந்த இடத்தில் அந்த வரிசை அழிந்து, தழும்புபோல் வழவழப்பாக இருந்தது. அதே இடத்தில் ஆறேழு இமைமயிர்களைக் காணவில்லை. “அம்மா, இந்த முடியைப் பிடுங்கினீங்களா?” என்றார். “இல்லீங்க, வயசாச்சுல்ல, அதான் கொட்டிப்போச்சுன்னு நினைச்சேன்” என்றார் என் தாயார். வயதானால் இமைமயிர் மொத்தமாக மெலியும். ஒரே இடத்தில் மட்டும் கொத்தாக உதிராது என்று மருத்துவர் விளக்கினார். தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

பிறகு இமையைப் புரட்டினார். உட்புறச் சவ்வில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தடிப்பு இருந்தது. கட்டியை விரல்நுனியால் அசைத்துப் பார்த்தார். தோல் அதன்மீது நகர்ந்தது, கட்டியோ தகட்டோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. கடைசியாக அவர் செய்ததை முந்தைய இடத்தில் ஒருமுறையும் செய்யவில்லை: காதுக்கு முன்புறம், தாடைக்குக் கீழ், கழுத்தின் பக்கவாட்டில் விரல்களை அழுத்தி நெறிக்கட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இமைக் கட்டியோடு வந்தவரின் கழுத்தைத் தொடாமல் அனுப்பும் மருத்துவமனையைப் பற்றி எனக்கு இப்போது ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

அன்று கூடத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்த பெரும்பாலோருக்கு அஞ்ச வேண்டிய நோய் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு இமையில் பரு கண்ட ஒவ்வொருவரும் தூக்கம் இழக்கக் கூடாது. என் பக்கத்தில் இருந்த பெண்மணிக்கு மூக்கோரத்தில் இரு இமைகளிலும் வெண்ணெய் தடவியதுபோல் மஞ்சள் படிவு இருந்தது; சேந்தலாஸ்மா எனப்படும் கொழுப்புப் படிவு அது. கண்ணுக்குத் தீங்கில்லை, ஆனால் இப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கும் என்பதால் அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஓர் இளைஞருக்கு இமை விளிம்பில் பனித்துளி போன்ற நீர்க்கொப்புளம். ஒரு பள்ளிச் சிறுவனுக்கு நடுவில் குழி விழுந்த முத்துப் பருக்கள். மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்று, மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடியது. ஒரு கைக்குழந்தையின் மேலிமையில் ஸ்ட்ராபெரிப் பழம்போலச் சிவந்த ரத்தக்குழாய்க் கட்டி இருந்தது. புற்று இல்லை, நாளடைவில் தானே சுருங்கவும் கூடும். ஆனால் அதற்குள் பார்வையை மறைத்துவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலேயே சோம்பேறிக் கண்ணாகிவிடும் என்பதால் காத்திருக்க மாட்டார்கள். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் என்ற மருந்து இந்தக் கட்டியைச் சுருக்குகிறது என்பதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்து 2008-இல் வெளியிட்டார்கள்; இன்று அதுவே முதல் சிகிச்சை.

எங்களுக்கு மறுநாளே பயாப்ஸி செய்தார்கள். சிறிய அறுவைதான். ஆனால் நான் வந்த பயனை முழுமையாக உணர்ந்த இடம் அதுதான். முந்தைய இடத்தைப்போல் சுரண்டாமல், இமையின் முழுத் தடிமனும் வரும்படி ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வேறு இடங்களிலும் நோய் ஊர்ந்திருக்கிறதா என்று அறிய, கண்ணின் வெண்படலத்தை மூடும் சவ்விலிருந்தும் இமைகளின் உட்புறத்திலிருந்தும் கடுகளவு மாதிரிகளைத் தனித்தனியாக எடுத்தார்கள். இந்தப் புற்று தொடர்ச்சியாகப் பரவாமல், சவ்வின் மேல்தோலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவக்கூடியதாம். அறுவை அறையிலிருந்து வெளியே வந்த செவிலியர் ஒரு தட்டில் ஏழு சிறு குப்பிகளைக் கொண்டுவந்து, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் மாதிரி மிதந்த ஒவ்வொன்றின் மேலும் என் தாயாரின் பெயரும் எண்ணும், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதும் எழுதியிருப்பதை என்னிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். முன்பு குப்பைக்கூடைக்குள் விழுந்த பஞ்சு அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

கோரிக்கைப் படிவத்தில் மருத்துவர் தம் சந்தேகத்தை வெளிப்படையாக எழுதியிருந்தார். அது சம்பிரதாயம் அன்று. ஆய்வகத்தில் வழக்கமாகப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் செல்களில் உள்ள கொழுப்பைக் கரைத்துவிடும். எஞ்சுவது நுரைபோன்ற வெற்றிடம் மட்டுமே. எதைத் தேடுகிறோம் என்று சொல்லாவிட்டால் திசுவைப் பார்ப்பவர் அதை வேறு புற்றாக எண்ணிவிடவும் கூடும். சொல்லிவிட்டால் கொழுப்பைக் காட்டும் சிறப்புச் சாயங்களுக்கு மாதிரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பார்கள். கண் திசுக்களையே நாள்தோறும் பார்க்கும் ஆய்வகம் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பது இந்த இடத்தின் பெரும் பலம்.

ஐந்து நாட்களில் முடிவு வந்தது: செபேஷியஸ் கார்சினோமா. மற்ற ஆறு குப்பிகளிலும் நோய் இல்லை. இதைச் சொன்ன விதத்தைப் பாராட்ட வேண்டும். என்னைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டு என் தாயாரிடம் மறைக்கும் வழக்கம் அங்கே இல்லை. அவரை உட்கார வைத்து, “அம்மா, இது கேன்சர் வகைக் கட்டிதான். ஆனா இமையோட நிக்குது. முழுசா எடுத்துட்டு, இமையை நாங்களே கட்டித் தருவோம்” என்றார் மருத்துவர். என் தாயார் கேட்டது ஒன்றே ஒன்று: “பூக்கட்ட முடியுமா?” முடியும் என்றார், ஆனால் இரண்டு மாதம் கழித்து. அதற்கு மாறாக, பிறகு வந்த ஆலோசகர் பேசிய பேச்சு அறுவைச் செலவைப் பற்றியே சுற்றியது. அறை வகைகளின் கட்டண அட்டையை அந்த நேரத்தில் நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கிறோமா என்று அவர் கேட்கவே இல்லை. நாங்களாக விசாரித்து, வேறொரு தளத்தில் இருந்த காப்பீட்டு மேசையைக் கண்டுபிடித்தோம்.

அறுவைக்கு முன் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு அல்ட்ராசவுண்டும் மார்புக்கு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்டார்கள். மியூர்–டோர் என்ற மரபுக் குறைபாட்டில் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளும் குடல் புற்றும் ஒரே குடும்பத்தில் வருவதுண்டாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் எடுப்பதை நாங்கள் சொல்ல மறந்திருந்தோம்; மருந்துச் சீட்டைத் தாமே வாங்கிப் பார்த்த பயிற்சி மருத்துவர் அதைக் கண்டுபிடித்து, இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு நாள் குறித்தார்.

அறுவையைப் படம் வரைந்து விளக்கினார்கள். மேலிமையின் நீளம் சுமார் 30 மில்லிமீட்டர். கட்டி இருந்தது 8 மில்லிமீட்டர். பார்வைக்கு நல்லதாகத் தெரியும் திசுவையும் இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் சேர்த்து எடுக்க வேண்டும். ஆகப் போகப்போவது 18 மில்லிமீட்டர், இமையில் பாதிக்கும் மேல். கால்பங்கு வரை போனால் இரு விளிம்புகளையும் இழுத்து நேராகத் தைத்துவிடலாம். தோல் தளர்ந்த முதியவர்களுக்கு மூன்றிலொரு பங்கு வரைகூட அப்படித் தைக்க முடியும். அதற்கு மேல் போனால் இமையைப் புதிதாகக் கட்ட வேண்டும். கட்லர்–பியர்ட் என்ற முறையில் கீழிமையின் விளிம்பை ஒரு பாலம்போல் அப்படியே விட்டுவிட்டு, அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே திசுவை வெட்டி, பாலத்தின் அடியால் மேலே இழுத்து, மேலிமையின் இடைவெளியில் தைக்கிறார்கள். கீழிமையிலிருந்து வரும் ரத்த ஓட்டத்தில் அந்தத் திசு பிழைத்து வேரூன்றும் வரை ஆறு முதல் எட்டு வாரங்கள் கண் மூடியே இருக்கும். பிறகு இரண்டாம் அறுவையில் வெட்டிப் பிரிக்கிறார்கள். பார்வை உள்ள ஒரே கண் அதுவாக இருந்தால் வேறு வழியை யோசிப்பார்களாம். முந்தைய இடத்தில் இரண்டாம் முறை சுரண்டியபோதே மாதிரியை அனுப்பியிருந்தால், நேர்த் தையலோடு முடிந்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதை நான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் படத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். சக மருத்துவரைப் பழிக்காத அந்தப் பண்பை மதிக்கிறேன். எனக்கு அது வாய்க்கவில்லை.

அறுவை நாளில் கட்டியை எடுத்தவுடன், எடுத்த துண்டின் விளிம்புகளில் புற்று எஞ்சியிருக்கிறதா என்று அவற்றை உறையவைத்து உடனடியாகச் சோதித்தார்கள். ஒரு பக்கத்து விளிம்பில் சந்தேகம் வந்ததால் இன்னும் 2 மில்லிமீட்டர் எடுத்து மறுபடி அனுப்பினார்கள். தூய்மையான விளிம்பு என்று செய்தி வந்த பிறகே இமையைக் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே அனுப்பியதிலிருந்து வெளியே வரும்வரை மூன்றரை மணி நேரம். அத்தனை நேரமும் ஓர் ஊழியர் இரண்டு முறை வெளியே வந்து நிலைமையைச் சொன்னார். உறைநிலைச் சோதனையை மட்டும் முழுதாக நம்ப முடியாது என்பதால் வழக்கமான திசுப் பரிசோதனையின் இறுதி அறிக்கையையும் பத்து நாள் கழித்துத் தந்தார்கள்; அதிலும் விளிம்புகள் தூய்மையாகவே இருந்தன.

மூடிய கண்ணோடு கழிந்த ஏழு வாரங்களைப் பற்றி மருத்துவமனை இன்னும் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அறுவையைப் பற்றி விரிவாகச் சொன்னவர்கள், ஒரு கண்ணால் படி இறங்குவது, குழம்பை ஊற்றும்போது கிண்ணத்தைத் தவறவிடுவது, பாலத்தின் அடியில் கசியும் நீரைத் துடைப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் வாரம் என் தாயார் வாசற்படியில் தடுமாறி விழப்போனார். பூத்தொடுக்க முயன்றபோது நாரின் நுனி மொட்டின் காம்பைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. ஆழம் தெரிவதற்கு இரு கண்கள் தேவை. பத்தாம் நாளுக்கு மேல், பார்க்காமல் விரல் நிதானத்திலேயே தொடுக்கத் தொடங்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் களிம்பு எத்தனை முறை, தலைகுளிப்பது எப்போது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டும் படிப்பவர்கள். இவ்வளவு நேர்த்தியாக இமையைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாளைத் தமிழில் அச்சிடுவது பெரிய வேலையா என்று பின்னூட்டப் பெட்டியில் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

இரண்டாம் அறுவை எளிதாக முடிந்தது. இப்போது இமை மூடுகிறது, திறக்கிறது. இடது கண்ணைவிட ஒரு நூல் தாழ்வாக நிற்கிறது. புதிதாகக் கட்டிய பகுதியில் இமைமயிர் இல்லை, இனி முளைக்கவும் முளைக்காது. அங்கிருந்த எண்ணெய்ச் சுரப்பிகளும் போய்விட்டதால் கண் சீக்கிரம் உலர்கிறது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை நாளுக்கு நான்கு முறை விடுகிறோம். வெயிலில் நடக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்று காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் இமையைப் புரட்டுகிறார்கள், கழுத்தைத் தடவுகிறார்கள், ஒரே கோணத்தில் புகைப்படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளாவது தொடர்ந்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நோய் திரும்பவில்லை.

இப்படிப்பட்ட தனிப் பிரிவுகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த், 1978-இல் சென்னையில் பிறந்த சங்கர நேத்ராலயா ஆகியவை யாவரும் அறிந்தவை. எங்கே போனாலும் மேலே சொன்னவற்றைக் கேட்டுப் பாருங்கள்: எடுப்பது பரிசோதனைக்குப் போகுமா, கழுத்தைப் பார்த்தீர்களா, விளிம்புகளை எப்படி உறுதிசெய்வீர்கள். முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் உட்காருங்கள்.

இந்த மருத்துவமனைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது ஒலிபெருக்கிக்கும், கட்டண அட்டைக்கும், ஆங்கிலத் தாளுக்கும். போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, கூட்டம் வழியும். பழைய சீட்டுகளோடு, முகம் தெளிவாகத் தெரியும் பழைய புகைப்படம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் ஒரு கல்யாணப் படம் கைப்பேசியில் இருந்தது. மருத்துவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, கட்டி வருவதற்கு முன்பு அந்த இடத்தில் இமைமயிர் நிறைய இருந்ததை உறுதிசெய்துகொண்டார்.